பானெட் நிற்க மாட்டேன் என்கிறதா? பழைய காரின் கேஸ் ஷாக்கைப் புரிந்துகொள்வோம்

ஆயில் அளவு பார்க்கப் பானெட்டைத் தூக்குகிறீர்கள். நிற்கிறது. டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைப்பதற்குள் அது சத்தமே இல்லாமல் இறங்கி வந்து பின்னந்தலையில் உட்காருகிறது. வயதான கார்களில் இது சர்வசாதாரணம். பல கார்களின் டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கியோடு ஒரு துடைப்பக் கட்டையும் நிரந்தரமாகக் குடியிருப்பது இதனால்தான். அவசரத்துக்குக் கட்டை தப்பில்லை. அதை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டுவதுதான் தப்பு. கட்டை நழுவும் அன்றைக்குப் பேட்டரி டெர்மினல் மேல் யாராவது கை வைத்திருப்பார்கள்.

பானெட்டைத் தாங்கும் அந்த உருளைக்கு முறையான பெயர் கேஸ் ஸ்ட்ரட் அல்லது கேஸ் ஸ்பிரிங். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் 'பானெட் ஷாக்' என்பார்கள், டிக்கியில் இருந்தால் 'டிக்கி ஷாக்'. சக்கரத்தில் இருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இதற்கும் உருவத்தில்தான் ஒற்றுமை, வேலை வேறு. அது ஆட்டத்தை அடக்குகிறது, இது எடையைத் தூக்குகிறது. ஆனாலும் ஊர் வழக்கு 'ஷாக்' என்றாகிவிட்டதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எது என்று பாருங்கள். மாருதி 800, ஸ்விஃப்ட் போன்றவற்றில் பானெட்டுக்கு ஷாக் கிடையாது, கையால் தூக்கி மாட்டும் கம்பிதான். கம்பி கெடுவது அபூர்வம். கெடுவது அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் ரப்பரும். கம்பியின் அடியில் இருக்கும் புஷ் இன்ஜின் சூட்டில் காய்ந்து நொறுங்கினால் கம்பி ஆடும். கம்பியின் நுனி போய் உட்காரும் பானெட் ஓட்டை தேய்ந்து நீளவாக்கில் அகன்றிருந்தால் லேசாகத் தட்டினாலும் நழுவும். புஷ்ஷும் கிளிப்பும் சில்லறைச் சாமான்கள், உடனே மாற்றிவிடுங்கள். ஓட்டை அகன்றிருந்தால் டிங்கரிடம் காட்டுங்கள். கம்பி கதை இவ்வளவுதான். அதே ஸ்விஃப்ட்டின் பின்கதவிலும் இன்னோவாவின் பின்கதவிலும் ஷாக் இருக்கிறது. கீழே பானெட் என்று சொல்வதெல்லாம் அநேகமாக அந்தக் கதவுக்கும் பொருந்தும்.

உள்ளே என்ன இருக்கிறது

ஷாக்கைப் பார்த்தால் ஒரு தடித்த குழாயும் அதிலிருந்து நீளும் பளபளப்பான மெல்லிய கம்பியும் தெரியும். தடித்த பகுதி சிலிண்டர், மெல்லியது ராடு. சிலிண்டருக்குள் நைட்ரஜன் வாயுவை நூறு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கான அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதைப் போல நாற்பது மடங்குக்கு மேல் என்று நினைத்துக்கொண்டால் இந்தச் சின்னக் குழாய் மேல் ஒரு மரியாதை வரும். கூடவே சில மில்லி ஆயில். ராடு சிலிண்டருக்குள் நுழையும் வாயில் ஒரு ரப்பர் சீல். ராடின் உள்முனையில் பிஸ்டன், அந்தப் பிஸ்டனில் ஊசித்துளை போன்ற சின்ன வழி.

நைட்ரஜன் எதற்கு என்றால், அது இரும்பைத் துருப்பிடிக்க விடாது, ஆயிலோடு சேர்ந்து எரியவும் எரியாது. சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் இருப்பதால் இந்த இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை.

இப்போது பலரும் தடுமாறும் இடம். பிஸ்டனில் துளை இருந்தால் வாயு இரண்டு பக்கமும் சமமாகத்தானே இருக்கும், பிறகு தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது? அழுத்தம் இரண்டு பக்கமும் சமம்தான். ஆனால் பிஸ்டனின் ஒரு முகம் முழு வட்டம், மறு முகத்தின் நடுவை ராடு அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ராடின் பருமன் அளவுக்கு ஒரு பக்கம் பரப்பு குறைகிறது. மிச்சமாகும் விசை ராடை வெளியே தள்ளுகிறது. ஆக, ஷாக்கின் பலம் சிலிண்டர் எவ்வளவு தடிமன் என்பதில் இல்லை. ராடின் குறுக்குப் பரப்பையும் உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் பெருக்கினால் வருவதுதான் பலம். 8 மி.மீ. ராடு என்றால் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. அழுத்தம் 100 பார் என்றால் சதுர மி.மீ.க்கு 10 நியூட்டன். பெருக்கினால் 500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 51 கிலோ எடையைத் தாங்கும் தள்ளு. அதே ராடு, அதே சிலிண்டர், உள்ளே 60 பார்தான் மிச்சம் என்றால் 300 நியூட்டன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஷாக். இந்த விஷயத்தில் கண் பொய் சொல்லும், எண்தான் நிஜம்.

ஊசித்துளையின் வேலை வேகத்தைக் கட்டுப்படுத்துவது. வாயு அதன் வழியாக மெதுவாகத்தான் போய்வர முடியும் என்பதால் பானெட் விருட்டென்று எகிறாமல் நிதானமாக ஏறுகிறது. ஆயில் இரண்டு வேலை செய்கிறது: சீலை ஈரமாக வைத்திருக்கிறது, முழுக்கத் திறந்து முடியும் கடைசி ஒரு சில சென்டிமீட்டரில் மெத்தைபோல் வேகத்தை அடக்குகிறது. ராடு கீழ்நோக்கி இருந்தால்தான் ஆயில் சீல் மேல் வந்து நிற்கும். இதைப் பொருத்தும் கட்டத்தில் மறுபடி பார்ப்போம்.

ஏன் பலம் போகிறது

வாயு சீல் வழியாகத் துளித்துளியாகக் கசிகிறது. புதிதிலிருந்தே கசிகிறது, ஆனால் அப்போது அது கணக்கில் வராது. சீல் காய்ந்து கெட்டியானதும் கசிவு கூடுகிறது. இன்ஜின் சூடு ஒரு காரணம். சென்னையில் இன்னொன்றும் சேர்கிறது: உப்புக்காற்று. திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கம் தெருவிலேயே நிற்கும் கார்களில் ராடின் குரோம் பூச்சு மேல் குண்டூசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னப் பள்ளம். பானெட்டைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தின் விளிம்பு சீலைச் சுரண்டுகிறது. ராடை நகத்தால் நெடுக வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்த ஷாக்குக்கு ஆயுள் அதிகம் இல்லை.

மற்றவை நாமே செய்யும் வினை. டிங்கரிங், பெயிண்டிங் விடும்போது ராடை டேப்பால் மூடாமல் ஸ்பிரே அடித்தால், காய்ந்த பெயிண்ட் உப்புத்தாள் மாதிரி சீலைத் தேய்க்கும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரைச் சீல் வாயிலேயே நேராக அடிப்பது நல்லதல்ல. பானெட் இறங்காமல் இருக்க ராடில் கட்டிங் பிளேயரையோ லாக்கிங் பிளேயரையோ கடித்து விடுவது இருப்பதிலேயே மோசம். அன்றைக்கு நிற்கும், ஆனால் அந்தப் பல் தடம் சீலைக் கிழித்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார் என்றால் ராடோடு, ஷாக்கின் இரு முனையும் காரில் மாட்டியிருக்கும் பந்து போன்ற மூட்டுகளையும் பாருங்கள். ஷாக் நன்றாக இருந்து முனை மட்டும் துருவில் இறுகிக்கிடப்பதும் உண்டு.

காலையில் விழும், மதியம் நிற்கும்

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் பானெட் ஒழுங்காக நிற்கிறது, மறுநாள் காலை வீட்டு வாசலில் விழுகிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. வாயு சூடானால் அழுத்தம் கூடும், குளிர்ந்தால் குறையும். ஷாக்கின் மேல் எழுதியிருக்கும் விசை 20 டிகிரி செல்சியஸில் கணக்கிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய 3.4 சதவீதம் மாறும். மார்கழி விடியலில் 21 டிகிரி, ஓடி வந்து நிறுத்திய இன்ஜினின் சூட்டில் ஷாக் 60 டிகிரி என்று வைத்தால், இரண்டுக்கும் நடுவே 13 சதவீத வித்தியாசம். தாங்குவதா வேண்டாமா என்று விளிம்பில் இருக்கும் ஷாக்குக்கு இந்த 13 சதவீதம் போதும். எனவே சோதிப்பதானால் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோதியுங்கள்.

நிறுத்தும் இடமும் கணக்கில் வரும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் காரின் மூக்கு கீழ்நோக்கி இருந்தால் பானெட்டின் எடை முன்பக்கம் சாய்ந்து ஷாக்குக்குச் சுமை கூடும். மூக்கு மேல்நோக்கி இருந்தால் குறையும். மாலைக் கடற்காற்றும் அப்படித்தான். காற்று பின்னாலிருந்து வந்தால் பானெட்டை மூடப் பார்க்கும். முன்னாலிருந்து வந்தால் அடியில் புகுந்து பின்னுக்குத் தள்ளி கீலை முறுக்கும்.

இன்னொரு அடையாளம், பாதித் திறப்பில் நிற்காமல் போவது. பானெட் மூடிக்கிடக்கும்போது அதன் எடை கீலிலிருந்து தூரத்தில் இருக்கிறது, ஷாக்கோ கீலை ஒட்டிக் கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது. எடைக்கு அனுகூலம், ஷாக்குக்குப் பாதகம். திறக்கத் திறக்க எடை கீல் பக்கம் வருகிறது, ஷாக் நிமிர்ந்து நன்றாகத் தள்ளத் தொடங்குகிறது. அதனால்தான் முதல் ஒரு முழம் நாம் தூக்க வேண்டியிருக்கிறது, பிறகு பானெட் தானே ஏறுகிறது. அந்தத் 'தானே ஏறும்' இடம் வர வர மேலே போனால் ஷாக் பலம் இழந்து வருகிறது என்று பொருள். உச்சியில் மட்டும் நிற்கிறது, கொஞ்சம் இறக்கினால் சரசரவென்று விழுகிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஏறி முடியும்போது 'டக்'கென்று இடித்து நின்றால் உள்ளே ஆயில் போய்விட்டது. ராடில் ஆயில் ஈரமும் தூசியும் சேர்ந்து கருப்பு வளையம் படிந்திருந்தாலும் அதே கதைதான். ஆனால் ஈரமே இல்லை என்பதால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். கசியும் வாயுவுக்கு நிறமும் இல்லை, தடமும் இல்லை.

பழியை ஷாக்கின் மேல் போடும் முன் கீலைப் பாருங்கள். ஒன்று துருவில் இறுகியிருந்தால் பானெட் கோணலாக ஏறும். பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் இன்சுலேஷன் மெத்தை மழையில் ஊறி எடை கூடியிருக்கலாம். அதைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற கார்கள் இருக்கின்றன.

எடை மெஷினில் ஒரு சோதனை

கழற்றிய ஷாக்கின் மிச்ச பலத்தை வீட்டிலேயே அளக்கலாம். குளியலறை எடை மெஷினைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு மரப்பலகை. பலகையில் சின்னக் குழி இருந்தால் முனை வழுக்காது. ராடு கீழே இருக்கும்படி ஷாக்கைச் செங்குத்தாக நிறுத்தி, சிலிண்டரின் தலையில் துணி மடித்து வைத்து, இரு கையாலும் நேராக அழுத்துங்கள். முகத்தை நேர் மேலே கொண்டுபோகாதீர்கள், ஷாக் பக்கவாட்டில் நழுவலாம். ராடு உள்ளே போகத் தொடங்கும் அந்தக் கணத்தில் மெஷின் காட்டும் கிலோவை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன். ஆழமாக அழுத்தினால் விசை கூடிக்கொண்டே போகும் என்பதால் தொடக்க அளவுதான் கணக்கு.

ஷாக்கில் 350 நியூட்டன் என்று எழுதியிருக்கிறது, மெஷின் 14 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 137 நியூட்டன். ஐந்தில் இரண்டு பங்குதான் மிச்சம். சீலின் உராய்வும் நம் ஊர் வெயிலும் சேர்ந்து இந்த அளவை உள்ளதைவிடக் கொஞ்சம் தூக்கித்தான் காட்டும், ஆகவே நிஜம் இதைவிட மோசம். நல்ல 350 நியூட்டன் ஷாக் என்றால் 36 கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் அசையும், ஒல்லியான ஆள் ஏறக்குறைய தன் முழு உடம்பையும் சாய்க்க வேண்டியிருக்கும். ஒரு கையால் அமுங்குகிறது என்றால் மெஷினே தேவையில்லை.

வாங்கும்போது கேட்க வேண்டிய நான்கு அளவுகள்

சிலிண்டரின் மேல் ஒட்டியோ அச்சடித்தோ ஒரு வரி எண்கள் இருக்கும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்துப் படியுங்கள், அழுத்தித் தேய்த்தால் எழுத்தே போய்விடும். பார்ட் நம்பரோடு 0350, 0400 என்பதுபோல ஒரு நான்கிலக்க எண்ணும் அதன் பின்னால் நியூட்டனுக்கான ஆங்கில எழுத்தும் பெரும்பாலும் இருக்கும். அதுதான் விசை. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அளவு, முழுக்க நீண்ட நிலையில் ஒரு முனைக் குழியின் மையத்திலிருந்து மறுமுனைக் குழியின் மையம் வரை உள்ள நீளம். மூன்றாவது, வெளியே தெரியும் ராடின் நீளம், அதாவது ஸ்ட்ரோக். நீளம் 500 மி.மீ., ஸ்ட்ரோக் 200 மி.மீ. என்றால் முழுக்க அமுங்கியபோது 300 மி.மீ. இந்த மூன்றாவது அளவைக் கடையில் பலர் கேட்பதே இல்லை, வம்பு வருவதும் இங்கேதான். நீளம் ஒத்துப்போய் ஸ்ட்ரோக் குறைந்தால், பானெட் மூடும் முன்பே ஷாக் அடியில் முட்டிக்கொள்ளும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று கையை ஊன்றி அழுத்தினால் பானெட் தகடு ஓரத்தில் மடியும், இல்லை பிராக்கெட் வளையும். நீளம் அதிகமானால் பானெட் தேவைக்கு மேல் பின்னால் சாய்ந்து கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் இடிக்கும்.

நான்காவது, முனை. காரில் இருக்கும் உருண்டைத் தலை ஆணி பெரும்பாலும் 10 மி.மீ. விட்டம். 8 மி.மீ. உருண்டையும் உண்டு. 10-க்கான குழி 8-ல் லொடலொடவென்று ஆடும், ஒருநாள் கழன்று விழும். சில கார்களில் உருண்டைக்குப் பதில் போல்ட் நுழையும் கண் இருக்கும்.

விசை எழுத்து அழிந்துபோயிருந்தால்? கார் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் ஆர்சி-யில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் கணக்குப் போடலாம், கடினமில்லை. பானெட் 16 கிலோ, பாதித் திறந்த நிலையில் அதன் எடைமையம் கீலிலிருந்து தரைவாக்கில் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 16 × 9.8 × 0.5 = 78 நியூட்டன் மீட்டர். இதுதான் பானெட்டைக் கீழே திருப்பும் முறுக்கு. இனி ஷாக்கின் கோட்டை மனதில் நேராக நீட்டுங்கள். கீலிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 12 செ.மீ. என்றால் 78-ஐ 0.12-ஆல் வகுத்தால் 650 நியூட்டன் தேவை. இரண்டு ஷாக் என்றால் ஆளுக்கு 325. கைக்காவலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 360 நியூட்டன். 350 வாங்கினால் போதும், 400 வரை போகலாம். 600 கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். பலம் அதிகமான ஷாக் பழைய பானெட்டுக்கு எமன். மூடும்போது கீல் மூலையில் தகடு நெளியும், லாக்கை இழுத்ததும் பானெட் முகத்துக்கு எகிறும், ஷாக் மாட்டியிருக்கும் இடத்தில் துரு இருந்தால் உருண்டை ஆணி தகட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

எங்கே வாங்குவது? மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பழைய ஷாக்கைக் கையோடு கொண்டுபோனால் வேலை சுலபம். அளவு டேப்பும் கொண்டுபோங்கள். 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திய செவ்ரோலெட், திருவள்ளூரில் தயாரான பழைய மிட்சுபிஷி போன்ற கார்களுக்கு 'இந்த மாடலுக்கு இருக்கா?' என்று கேட்பதைவிட 'நீளம் இவ்வளவு, ஸ்ட்ரோக் இவ்வளவு, விசை இவ்வளவு, 10 மி.மீ. உருண்டை' என்று கேட்டால் பொருள் கிடைக்க வாய்ப்பு அதிகம். வேறு காருக்கான ஷாக்கே அளவில் சரியாகப் பொருந்தலாம். புதுப்பேட்டை? கீல், பிராக்கெட், உருண்டை ஆணி, பானெட் கம்பி இவற்றுக்கு அருமையான இடம். ஆனால் பழைய ஷாக்கை அங்கே வாங்குவதில் அர்த்தமில்லை, உங்கள் ஷாக்குக்கு என்ன வயதோ அதற்கும் அதே வயதுதான். பழையதில் மறுபடி கேஸ் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேய்ந்த சீல் உள்ளேயே இருக்கிறது, ஏற்றிய கேஸ் வந்த வழியே போகும்.

எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பானெட் ஒரு மூலையில் மட்டும் தள்ளப்பட்டு முறுக்கிக்கொள்ளும். சில மாதத்தில் இரண்டு பக்க இடைவெளியும் வேறுவேறாகத் தெரியும்.

மாற்றும் முறை

அரை மணி நேர வேலை. சின்ன மைனஸ் ஸ்க்ரூ டிரைவர், பானெட்டை முழு உயரத்தில் தாங்கும் நல்ல கட்டை, வேஸ்ட் துணி, கொஞ்சம் கிரீஸ், உதவிக்கு ஓர் ஆள். கட்டையின் மேல்முனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் வழுக்காது, பெயிண்டும் போகாது. கட்டையைப் பானெட்டின் உள்பக்க விலா எலும்பு போன்ற தடித்த சட்டத்தில் ஊன்றுங்கள், மெல்லிய தகட்டில் அல்ல. ஆள் இருக்கிறார் என்பதற்காகக் கட்டையைத் தவிர்க்காதீர்கள். ஆளுக்குப் போன் வரும்.

கழற்றும் முன் ஷாக் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று போட்டோ எடுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக மாற்றி முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

முனைக் குழியின் கழுத்தில் அரைவட்டமாக ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியை அதன் அடியில் நுழைத்து மூன்று, நான்கு மி.மீ. மட்டும் நெம்புங்கள். கிளிப் இன்னும் குழியிலேயே இருக்கும், ஆனால் பிடி தளர்ந்திருக்கும். இப்போது ஷாக்கை உருண்டையிலிருந்து நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். கிளிப்பை முழுக்கப் பிடுங்கினால் அது பறந்து இன்ஜினுக்கு அடியில் எங்கோ விழும், தேடி எடுக்க மாட்டீர்கள். புது ஷாக்கில் புது கிளிப் வரும் என்றாலும் சில நேரம் பழையது தேவைப்படும். துருப்பிடித்து வராவிட்டால் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். சுத்தியலால் தட்டினால் உருண்டை ஆணியின் கழுத்து வளையும்.

உருண்டையைத் துணியால் துடையுங்கள். பள்ளமாக அரித்திருந்தால் ஆணியையும் மாற்றுங்கள். தேய்ந்த உருண்டை புதுக் குழியைத் தின்றுவிடும். நல்லதாக இருந்தால் பட்டாணி அளவு கிரீஸ் போதும்.

புது ஷாக் முழுக்க நீண்ட நிலையில் வரும். அதைக் கையால் அமுக்கிக் குட்டையாக்கிப் பொருத்த முயலாதீர்கள், முடியவும் முடியாது. உதவியாளர் பானெட்டை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்க, பழையது இருந்த அதே திசையில் வையுங்கள். பொதுவான விதி: பானெட் மூடியிருக்கும்போது ராடு கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஆயில் சீலை விட்டு விலகிப்போகும். சீல் காயும், உச்சியில் மெத்தை இல்லாமல் பானெட் இடிக்கும். பழைய ஷாக் சீக்கிரம் போனதற்கு, யாரோ முன்பு அதைத் தலைகீழாக மாட்டியதே காரணமாக இருக்கலாம் என்பதால் போட்டோவையும் விதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழியை உருண்டை மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது. வந்தால் கிளிப் சரியாக உட்காரவில்லை.

இரண்டும் முடிந்ததும் முதல் தடவை மூடுவதில்தான் கவனம் வேண்டும். உள்ளே கருவி எதுவும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆமை வேகத்தில் இறக்குங்கள். ஒருவர் பக்கவாட்டில் நின்று ஷாக் எந்த ஒயரிலோ ஹோஸிலோ உரசுகிறதா என்று பார்க்கட்டும். கடைசி ஒரு ஜாண் தூரத்தில் வழக்கத்துக்கு மாறாக எதிர்த்தால் அங்கேயே நிறுத்துங்கள், ஸ்ட்ரோக் குறைந்த ஷாக்காக இருக்கலாம். மூடிய பின் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா, கீல் மூலையில் தகடு புடைத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

ஷாக் கிடைக்க நாளாகும் என்றால் துடைப்பக் கட்டையைவிட நல்ல தற்காலிக வழி ஒன்று உண்டு. அரை இன்ச் சிபிவிசி பைப்பை, பானெட் முழுக்கத் திறந்தபோது வெளியே தெரியும் ராடின் நீளத்துக்கு ஒரு செ.மீ. குறைவாக வெட்டி, நெடுக 8 மி.மீ.க்குச் சற்று அதிகமான அகலத்தில் ஒரு வாய் பிளந்துகொள்ளுங்கள். அதை ராடின் மேல் பக்கவாட்டில் மாட்டினால், பானெட் இறங்கப் பார்க்கும்போது பைப்பின் விளிம்பு சிலிண்டரின் வாயில் முட்டி நிறுத்தும். இரண்டு பக்கமும் மாட்டுங்கள். மூடும் முன் கழற்ற மறந்துவிடாமல் இருக்கச் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். மறந்து மூடினால் வளைவது பைப் அல்ல, பானெட்.

கழற்றிய பழைய ஷாக்கில் இன்னும் அழுத்தம் மிச்சமிருக்கும். கையால் அமுங்குகிற ஷாக்கிலும் டயரைவிடப் பல மடங்கு இருக்கலாம். அதைத் துளையிடவோ, அறுக்கவோ, வெல்டிங் வைக்கவோ கூடாது. குப்பையோடு கொளுத்தினால் ராடு துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காமல், மாற்றித் தரும் ஒர்க்‌ஷாப்பிலோ பழைய இரும்புக் கடையிலோ 'உள்ளே கேஸ் இருக்கு' என்று சொல்லி ஒப்படையுங்கள். அதற்கு முன் அந்த எண் வரியை ஒருமுறை டைரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஷாக் வாங்கும்போது லேபிள் அழிந்திருந்தாலும் அது கைகொடுக்கும்.